வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன் கவனிக்க வேண்டியவை

வீடு கட்டவோ வாங்கவோ வங்கிக் கடன் பெறும் பலர் இரண்டு விடயங்களை மட்டுமே கேட்கின்றனர்: வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு? ஆனால் அந்த இரண்டையும் பின்னர் மாற்றக்கூடிய அதிகாரம் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில்தான் இருக்கிறது.

வட்டி எத்தனை வருடங்களுக்கு நிலையானது?

விளம்பரத்தில் காணப்படும் வட்டி பெரும்பாலும் ஆரம்ப வருடங்களுக்கு மட்டுமே உரியது. அதன் பின்னர், மத்திய வங்கி வாராந்தம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்துடன் ஒரு மேலதிக வீதம் சேர்க்கப்படலாம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை எவரும் மறந்திருக்க முடியாது.

20 வருடங்களுக்குப் பெறும் 50 இலட்சம் ரூபா கடனுக்கு 12 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 55,000 ரூபா. வட்டி 20 சதவீதமானால் அது ஏறத்தாழ 85,000 ரூபா. எனவே வட்டிக்கு உச்ச வரம்பு உண்டா, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஈடு எந்தக் கடனுக்கு?

சில ஈட்டு முறிகளில், வங்கிக்கு நீங்கள் தற்போதோ எதிர்காலத்திலோ செலுத்த வேண்டிய "அனைத்துத் தொகைகளுக்கும்" காணி பிணையாகும் என்று எழுதப்பட்டிருக்கும். அப்படியாயின் கடனட்டை நிலுவைக்கும், வேறொருவருக்காக நீங்கள் இட்ட பிணைக் கையொப்பத்துக்கும் உங்கள் வீடே பொறுப்பாகலாம்.

நீதிமன்றம் செல்லாமலே ஏலம்

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தவணை தவறினால் வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். இதையே பராட்டே என்கிறோம். தவணை தவறும்போது மூலத் தொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைவாக இருந்தால் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த முடியாது. ஏலத்துக்கு முன் நிலுவையையும் வட்டியையும் செலவுகளையும் செலுத்தினால் விற்பனையைத் தடுக்கலாம்.

ஏனைய செலவுகள்

மதிப்பீட்டுக் கட்டணம், உறுதி பரிசோதனை, நொத்தாரிசு கட்டணம், காப்புறுதி, தாமதத் தவணைக்கான மேலதிக வட்டி, கடனை முன்கூட்டியே தீர்த்தால் அறவிடப்படும் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டறியுங்கள். கடன் பெற்றவர் இறந்தால் காப்புறுதி முழு நிலுவையையும் தீர்க்குமா என்பதும் முக்கியம்.

ஆவணங்களைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுசென்று வாசியுங்கள். வங்கியின் சட்டத்தரணி வங்கிக்காகவே பணியாற்றுகிறார் என்பதால், வேறொரு சட்டத்தரணியிடமும் காட்டுங்கள். முறைப்பாடு இருந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

கையொப்பமிட்ட பின் கேட்கும் கேள்விக்கு ஒப்பந்தமே பதில் சொல்லும். முன்னரே கேட்டால், அந்த ஒப்பந்தத்தை மாற்றக் கேட்கவும் இடமுண்டு.