பாப்பாவுக்கு ஹெல்மெட்

அக்கா பையனுக்குப் பின்தலை ஒரு பக்கம் தட்டை. "ஹெல்மெட் வாங்கலாமாடா?"ன்னு அக்கா கேட்டதும் தேட ஆரம்பிச்சேன்.

எங்க திருத்துறைப்பூண்டியில் பாட்டிகள் காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு, எண்ணெய் தேய்ச்சுத் தலையை உருட்டிப் பிடிப்பாங்க. (அதனால உருண்டை ஆகுமா என்பது வேற கதை!) ஹெல்மெட் சிகிச்சை பற்றி 1979-இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் கிளாரன். 1992-இல் அங்குள்ள குழந்தை மருத்துவர் சங்கம் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்காதீங்கன்னு சொன்னது. தூக்கத்தில் திடீர்ச் சாவு குறைஞ்சது, தட்டைத் தலை கூடிச்சு.

தினம் 23 மணி நேரம் மாட்டணும். மிச்ச ஒரு மணியில் உள்பக்கத்தைத் துடைச்சு, நல்லா உலர்த்தணும். ஈரத்தோடு மாட்டினா தோல் புண்ணாகும். நம்ம சித்திரை வெயில்ல?

2014-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் 84 குழந்தைகள். இரண்டு வயதில் முழுசா சரியானது ஹெல்மெட் போட்டவங்களில் 26 சதவீதம், போடாதவங்களில் 23 சதவீதம். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு போதும். அக்கா டாக்டரிடம் கேட்டுட்டு, இப்போ பையன் முழிச்சிருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுது.