கிணற்றடிக் காதலும் வேலிக்கு வெளியே நின்றோரும்

புத்தூருக்குச் செல்வோர் நிலாவரைக் கிணற்றைக் காணாது திரும்புவதில்லை. இராமன் அம்பெய்து தோற்றுவித்தது என்பது ஐதீகம். சுண்ணாம்புக்கல் கரைந்து உருவானது என்பது புவியியல். ஆறில்லாத குடாநாட்டில் கிணறே வாழ்வு. கிராமத்துக் காதல் கதைகளில் இருவர் முதன்முதலாகக் கண்கலக்கும் இடமும் பெரும்பாலும் கிணற்றடியே. ஆனால், துலாக் கயிற்றைத் தொடவே உரிமையற்றிருந்தோர் எங்கே சந்தித்தனர்? அவர்களின் காதலை யார் எழுதினர்?

ஈழத்து நாவல் வரலாற்றைப் புரட்டினால் விடை தாமதமாகவே கிடைக்கிறது. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) எகிப்தை நாடியது. 'ஊசோன் பாலந்தை கதை' (1891) ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) நாயக்கர் அரண்மனைக் காதலைப் பாடியது. 1914-இல் மங்களநாயகம் தம்பையா, 'நொறுங்குண்ட இருதயம்' வாயிலாக யாழ்ப்பாணத்துப் பெண்ணின் இல்லறத் துயரைப் பெண்ணின் குரலிலேயே தந்தார். அதுவும் வசதி படைத்தோர் வீட்டுக் கதையே.

1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், பொதுக் கிணற்றில் நீர் அள்ளுவதைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் உறங்கியது. 1966 ஒக்டோபர் 21-இல் சுன்னாகத்தில் புறப்பட்ட ஊர்வலம் அதை உலுக்கியது. செ. கணேசலிங்கனின் 'நீண்ட பயணம்' (1965), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகியன ஒடுக்கப்பட்டோரைக் கதையின் நடுவில் நிறுத்தின. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியது. அம்மக்கள் போராளிகளாகவும் பலியானோராகவும் எழுதப்பட்ட அளவுக்கு, வெறுமனே காதலிப்போராக எழுதப்படவில்லை. நாணமும் ஊடலும் அவர்களுக்கும் உண்டல்லவா?

பத்திரிகைப் பணியில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். ஞாயிறு இதழின் சிறுகதைப் பக்கத்தில் காதலருக்குச் சாதி குறிக்கப்படுவதில்லை. நாலு பக்கம் தள்ளி, மணமகள் தேவை விளம்பரத்தில் முதற்சொல்லே சாதியாக இருக்கும். கதையில் மறைத்ததை விளம்பரம் சொல்லிவிடும். சாதியைச் சொல்லாமல் விடுவது சமத்துவமன்று. சொல்லப்படாத நாயகனை வாசகர் தம் குலத்தவனாகவே எண்ணிக்கொள்கின்றனர்.

பழங்கதை என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். 2017-இல் புத்தூர் மேற்கின் கலைமதி கிராம மக்கள், தம் குடியிருப்புகளின் நடுவேயுள்ள மயானத்தை அகற்றக் கோரிப் போராட நேர்ந்தது. அங்கும் இளைஞர் உண்டு, காதலும் உண்டு. அதனை எழுதும் பேனா அவ்வூரிலிருந்தே வர வேண்டும். வந்தால், வாசிக்க நாம் காத்திருக்கிறோமா?