நானூறு பிராங்குக் காமிரா

உயர்தரக் காமிரா ஒன்று புதிதாக வெளிவருகிறது. விலையோ சில இலட்சம் ரூபாய். வெளியான அன்றைய விலைக்கே அதை வாங்கிவிடுவதா, ஓராண்டு பொறுத்திருந்து விலை இறங்கிய பின் வாங்குவதா என்னும் கேள்வி புகைப்படக் கலையில் பற்றுள்ள பலரையும் அலைக்கழிப்பதுண்டு. கையில் பணமுள்ளவர்க்கே இந்தத் தயக்கம் என்றால், கடன்பட்டு வாங்க எண்ணுகிறவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இஃது இக்காலத்து வாணிகம் விளைவித்த புதுக் கவலை என்று நேயர்கள் எண்ணக்கூடும். உண்மையில் இதற்கு வயது 180-க்கு மேல் ஆகிறது. புகைப்படக் காமிரா என்று ஒன்று முதன்முதலாகக் கடையில் விலைக்கு வந்த அன்றே இதுவும் உடன் பிறந்துவிட்டது.

அந்தக் கடை பாரிஸ் மாநகரில் இருந்தது. 1839-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் அராகோ என்னும் வானநூலறிஞர் ஒரு செய்தியை வெளியிட்டார். ஓவியரும் காட்சிக்கூட உரிமையாளருமான லூயி டாகேர் என்பவர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மீது ஒளியே படம் எழுதுமாறு செய்துவிட்டார் என்பதே அச்செய்தி. செய்முறை மட்டும் ஏழு மாத காலம் மறைத்து வைக்கப்பட்டது. டாகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், அவருடைய காலஞ்சென்ற கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் உதவித்தொகையாக அளிப்பதென அரசாங்கம் உடன்பட்ட பிறகே, ஆகஸ்டு 19-ஆம் நாள் அம்முறை உலகறியச் சொல்லப்பட்டது. அன்று முதற்கொண்டு பாரிஸ் நகரத்துக் கண்ணாடிக் கடைகளின் முன் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்தப் பைத்தியத்தைக் கேலி செய்து ஓவியர் ஒருவர் கேலிச் சித்திரமும் வரைந்து விட்டார்!

டாகேர் இதற்கு முன்னரே ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார். தம் மனைவியின் உறவினரான அல்ஃபோன்ஸ் ஜிரூ என்ற எழுதுபொருள் வணிகரோடு ஜூன் மாதத்திலேயே ஒப்பந்தம் செய்துகொண்டு, காமிராக்களைச் செய்து விற்கும் உரிமையை அவருக்கு அளித்திருந்தார். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சிறு தகடு பதிக்கப்பட்டிருக்கும். டாகேரின் கையொப்பமும் ஜிரூவின் முத்திரையும் இல்லாத கருவிக்கு உத்தரவாதம் கிடையாது என்பது அதன் கருத்து. ‘அசல் சரக்கு’ என்று இன்று நாம் காணும் முத்திரைகளுக்கு இதனை முன்னோடி என்னலாம்.

விலை 400 பிராங்கு. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு பிராங்கு ஈட்டிய பாரிஸ் தொழிலாளிக்கு அது நூறு நாள் உழைப்புக்கு மேற்பட்ட தொகை. அந்தப் பணத்துக்குக் கிடைத்தவை யாவை? ஒன்றினுள் ஒன்று நகரும் இரு மரப்பெட்டிகள். ஷெவாலியே என்னும் புகழ்பெற்ற கண்ணாடி வினைஞர் அமைத்த லென்ஸ். தகட்டுக்கு அயோடின் ஆவி ஊட்ட ஒரு பேழை. பாதரச ஆவியில் படத்தைத் துலங்கச் செய்ய மற்றொரு பேழை. சாராய விளக்கு, வெப்பமானி, மருந்துக் குப்பிகள், தகடுகள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோ எடை. தனியொருவர் தூக்கிச் செல்லக் கூடியதன்று.

இவ்வளவும் வாங்கியவர் எதைப் படமெடுத்தார்? பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே தெரிந்த கூரைகளையும் புகைபோக்கிகளையுமே எடுத்தார். ஏனெனில், ஒளியின் நிலைக்கேற்ப 3 நிமிடம் முதல் 30 நிமிடம் வரை லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று டாகேரின் கையேடே கூறிற்று. கூரைகள் அசையாமல் நிற்கும், மனிதர் நிற்பாரா? ஆகவே வாங்கினோர் எல்லோரும் உள்ளூர விரும்பிய ஒன்றை, அதாவது மனைவி மக்களின் முகத்தை, அந்தக் கருவியால் எடுக்க முடியவில்லை. விலை கொடுத்த பிறகே பலருக்கு இது விளங்கியது.

பொறுத்திருந்தவர்களுக்கு வந்த நற்பேற்றைப் பாருங்கள். அதே 1839 நவம்பரில் செகியே பிரபு என்பவர், துருத்தி போன்ற மடிப்பு வைத்து, எடையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்த கருவியைக் காட்டினார். 1840-ல் வியன்னாவில் பேராசிரியர் பெட்ஸ்வால் கணக்கிட்டு அமைத்த லென்ஸ், டாகேரின் கருவியிலிருந்ததைவிடப் பதினைந்து மடங்கிற்குக் குறையாத ஒளியை உட்புகவிட்டது. ஃபாய்க்ட்லெண்டர் என்ற தொழிலகத்தார் அதைச் செய்து, 1841-ல் முழுவதும் உலோகத்தாலான ஒரு சிறு காமிராவில் பொருத்தி விற்றனர். மறுபுறம், தகட்டுக்கு அயோடினோடு புரோமின் ஆவியும் ஊட்டினால் அதன் உணர்வு பன்மடங்கு கூடும் என்பதை லண்டனில் காடர்ட் என்பவர் கண்டறிந்தார். ஃபிசோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, தங்க உப்பினால் படத்துக்கு உறுதியும் பொலிவும் தரும் வழியைக் கண்டார். லென்ஸும் மருந்தும் ஒன்றுசேர்ந்தபோது, அரை மணி நேரம் என்றிருந்தது ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கிற்று. முகத்தைப் படமெடுக்கும் கூடங்கள் நகரந்தோறும் தோன்றின. ஒன்றரை ஆண்டு காலத்துக்குள், ஜிரூவின் பெட்டி பழம்பொருளாகிவிட்டது.

அந்தப் பழம்பொருளில் ஒன்று 2010-ல் வியன்னாவில் ஏலத்துக்கு வந்து 7,32,000 யூரோவுக்குப் போயிற்று என்பது உண்மையே. அதனைக் காட்டி, ‘இன்று வாங்கினால் பேரனுக்கு இலாபம்’ என்று வாதிடுவாரும் உளர். 170 ஆண்டு காத்திருக்கும் பொறுமையுள்ளவருக்கு நாம் சொல்லும் யோசனை தேவையில்லை.

இதுவரை கேட்டவர்கள், பொறுத்தவரே அறிவாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். வழக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசாங்கம் ஏன் உதவித்தொகை தர வேண்டும் என்று பிரெஞ்சு மன்றத்தில் விளக்கியபோது, அராகோ எகிப்து நாட்டை எடுத்துக்காட்டினார். அங்குள்ள கோயில்களில் செதுக்கப்பட்ட எண்ணற்ற சித்திர எழுத்துக்களைக் கையால் படியெடுக்கப் பல பத்தாண்டுகளும் ஓவியர் படையும் வேண்டும். இக்கருவி கொண்டு ஒருவரே முடித்துவிடலாம் என்றார். அச்சொல்லைச் செயலாக்கப் புறப்பட்டவர்களில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து கனடாவில் நிலம் பெற்றிருந்த ஜோலி த லோபினியேர் என்பவர். லெரெபூர் என்ற பாரிஸ் கண்ணாடி வணிகரின் தூண்டுதலின் பேரில், செய்முறை வெளியாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், குறைபாடு நிறைந்த அந்த முதற்காலத்துக் கருவியோடு அவர் கப்பலேறினார்.

1839 அக்டோபரில் ஜோலி ஏதென்ஸ் நகரில் இருந்தார். பார்த்தினான் என்னும் பழங்கோயிலைப் படமெடுத்தார். கோயிலின் இடிபாடுகளுக்கு நடுவே துருக்கியர் ஆட்சிக் காலத்தில் எழுப்பிய சிறு மசூதி ஒன்று அப்போது இருந்தது. அவர் படத்தில் அதுவும் விழுந்தது. 1840-களின் முற்பகுதியிலேயே அந்த மசூதி இடிக்கப்பட்டுவிட்டது. பெட்ஸ்வாலின் லென்ஸும் செகியேயின் மடிப்புப் பெட்டியும் பரவட்டும், விலை இறங்கட்டும், பிறகு போகலாம் என்று ஜோலி காத்திருந்தால், கருவி நயமாகத்தான் இருந்திருக்கும், மசூதி இருந்திராது. கூரைகளைப் போலக் கட்டடமும் அசையாமல் நின்றமையால், அரை மணி நேரத் தாமதம் அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஏதென்ஸிலிருந்து அவர் எகிப்துக்குச் சென்றார். அங்கே ஓவியர் ஹொராஸ் வெர்னேயின் குழுவினரும் அதே வகைக் கருவியோடு வந்திருந்தனர். இவர்கள் எடுத்த படங்கள் சிலவற்றை அடிப்படையாகக் கொண்டு செதுக்கிய அச்சுப் படங்களை லெரெபூர் 1840 முதல் 1844 வரை தொகுதியாக வெளியிட்டார். ஜோலியின் மூலத் தகடுகள் மறைந்துவிட்டன. அச்சுப் படங்களே எஞ்சியுள்ளன.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே வகைக் கருவியை வாங்கிய இருவரில் ஒருவர் தம் சன்னலோரத்துக் கூரையை எடுத்தார். மற்றவர் மறையவிருந்த ஒன்றை எடுத்தார். முதல் விலையில் கருவியின் பெறுமானம் ஒரு பகுதி. எஞ்சியது, பிறர்க்கு முன்னே கையில் கிடைக்கும் காலத்துக்கு நாம் செலுத்தும் கட்டணம். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட முதலை விரைவில் மீட்க விரும்பும் தொழிலதிபர், அவசரமுள்ளவரிடம் அதிகம் பெற்று, அவசரமில்லாதவரிடம் பின்னர்க் குறைத்துப் பெறுகிறார். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. தன் அவசரம் உண்மையானதா என்பதை வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதுதான் தொல்லை.

இந்த நாடகம் மின்னணுக் காமிராவின் காலத்தில் மீண்டும் நடைபெற்றது. 1991-ல் கோடக் நிறுவனத்தார், நிக்கான் காமிரா ஒன்றின் உடலில் தம் மின்னணு உறுப்பைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். படத்துக்குப் 13 இலட்சம் புள்ளிகள்; படங்களைச் சேமிக்கத் தோளில் தொங்கவிடும் தனிப்பெட்டி; விலை சுமார் 20,000 டாலர். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றவை ஆயிரத்துக்கும் குறைவே. வாங்கியோரில் செய்தித் துறையினர் முக்கியமானவர்கள். பிலிமைக் கழுவி உலர்த்தும் நேரம் மிச்சமானால் படம் காலைப் பதிப்பில் ஏறிவிடும். மறுநாள் அப்படத்துக்கு மதிப்பில்லை. அவர்கள் கணக்கில் 20,000 டாலர் வீண் செலவன்று. 1999-ல் நிக்கான் நிறுவனம் 27 இலட்சம் புள்ளிகள் கொண்ட டி-1 என்னும் காமிராவை 6,50,000 யென் விலையில் வெளியிட்டது. இரண்டே ஆண்டில் அதன் வழிவந்த மேம்பட்ட வடிவங்கள் இரண்டு வந்தன. 2003-லோ, 63 இலட்சம் புள்ளிகள் கொண்ட கேனன் 300-டி, லென்ஸ் இன்றி 899 டாலருக்கே அமெரிக்கக் கடைகளில் கிடைத்தது. பொழுதுபோக்கிற்காக 1999-ல் டி-1 வாங்கியவரின் மனநிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அவருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது. டி-1 உடலில், அந்நிறுவனம் 1959-ல் தொடங்கிய அதே பொருத்து வளையமே இருந்தது. பிலிம் காலத்தில் வாங்கிய லென்ஸ்கள் பலவற்றை அதில் மாட்ட முடிந்தது. அடுத்து வந்த உடல்களிலும் அவ்வாறே. பெட்ஸ்வாலின் லென்ஸ் அமைப்பும், அது முதலில் அமர்ந்த பெட்டி மறைந்த பின் பல பத்தாண்டுகள் உருவப்படக் கூடங்களில் வழங்கியது. பெட்டியின் ஆயுளும் லென்ஸின் ஆயுளும் ஒன்றல்ல. பணம் ஓரளவே உள்ளவர் முதல் விலையை எதற்குக் கொடுக்கலாம் என்று கேட்டால், லென்ஸுக்கு என்றே சொல்வேன்.

இந்தியாவுக்கு இந்தப் புதுமை வெகு விரைவில் வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் தாக்கர் ஸ்பிங்க் கம்பெனியார் 1840 ஜனவரியிலேயே டாகேர் கருவி விற்பனைக்கு உண்டு என விளம்பரம் செய்தனர். எனினும், கருவி வந்தால் போதுமா? வெள்ளித் தகடும் மருந்துகளும் கடல் கடந்து வர வேண்டும். நம் நாட்டு வெயிலும் ஈரமும் அவற்றைக் கெடுக்காமல் விட வேண்டும். பெட்டியின் விலையை மட்டும் எண்ணி, அதன்பின் தொடரும் செலவை எண்ணாதவர் அன்றும் இருந்திருப்பர்.

புதியதைத் தெரிந்தே ஒதுக்கி வைத்த ஒருவரும் நம் பக்கத்திலேயே பணிபுரிந்தார். லினயஸ் டிரைப் என்ற படைத் தலைவர் 1856-ல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்றார். அக்காலத்தில் புகழோங்கி நின்றது 1851-ல் வெளியான கொலோடியன் கண்ணாடித் தகட்டு முறை. நுட்பத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் தகட்டில் பூசிய மருந்து ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துத் துலக்கியாக வேண்டும். மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்க்குத் தென்னாட்டு வெப்பத்தில் இது பெருந்துன்பம். டிரைப் அம்முறையை அறியாதவரல்லர். சிற்சில வேலைகளுக்கு அதைக் கையாளவும் செய்தார். பெரும்பான்மைப் படங்களுக்கோ, முன்கூட்டியே பதப்படுத்தி எடுத்துச் செல்லக்கூடிய தாள் நெகடிவ்களையே நம்பினார். டால்பட் 1841-ல் உரிமை பெற்ற முறையின் வழிவந்தவை அவை. சீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என 1858-ல் அவர் சுற்றிய சுற்றுக்கு அந்தத் தாள்களே துணை நின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் பொறித்துள்ள கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். மறு ஆண்டில் சர் சார்லஸ் டிரெவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். அரசாங்கத்தின் பண நெருக்கடியில் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்பது அவருடைய தீர்ப்பு. டிரைப்பின் பதவி எடுக்கப்பட்டது. அவர் மீண்டும் படைப் பணிக்குத் திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே.