நிக்கத் தெரியாத மோட்டார்

கோயம்புத்தூர்ப் பக்கம் கிணத்துக்குக் கரண்ட் வந்த கதையை பைக்காராவில் இருந்துதான் சொல்லணும். 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அதுக்கு முன்னாடி கவலை மாடுதான், வசதியானவங்க தோட்டத்தில் ஆயில் எஞ்சின். 1937-ல் பீளமேட்டில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்தார்கள். அப்புறம் கவலை மாடு மெல்ல மெல்ல மறைந்தது.

மாட்டுக்கு ஒரு குணம் உண்டு. முடியலைன்னா நின்னுக்கும். மோட்டார் நிக்காது. பாரம் கூடினால் கரண்டைக் கூட இழுத்துக்கிட்டு ஓடும், காயில் கருகுற வரைக்கும். அதை நிறுத்த வெளியில் இருந்து ஒருத்தன் வேணும்.

முதலில் அந்த வேலையைச் செய்தது பீஸ் கட்டை. ஆனா அது போதாது. மூணு பேஸில் ஓடுற 5 எச்.பி. மோட்டார் முழு பாரத்தில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் போட்டு வேகம் எடுக்கிற சில விநாடி மட்டும் ஆறு மடங்கு, 45 ஆம்பியர் கிட்ட போகும். அதைத் தாங்குற கம்பியைப் போட்டால், ஒரு பேஸ் அறுந்து மத்த ரெண்டில் 13 ஆம்பியர் ஓடும்போது பீஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும். மோட்டார் புகையும்.

அதனால் ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோடு ரிலே வந்தது. ரெண்டு வித உலோகத்தை ஒட்டின பட்டை அது. சூட்டில் ஒண்ணு அதிகமா விரியும், பட்டை வளையும், தொடர்பு விட்டுப்போகும். வளைய நேரம் ஆகிறதால் ஸ்டார்ட் ஆகும்போது தட்டாது.

ஊரில் எல்லாருக்கும் அதன் மேல் கோபம். மோட்டார் எண்ணிக்கை கூடக்கூட டிரான்ஸ்பார்மர் திணறி, 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 350 வரும். அதே தண்ணியை இறைக்க ஆம்பியர் ஏறும், ரிலே தட்டும். பயிர் வாடுற வாரத்தில் நாலு தடவை ஓடி ஓடி ஸ்டார்ட்டரை அமுக்கினவன் என்ன செய்வான்? திருகை மேலே ஏத்தி வைப்பான், இல்லைன்னா ரிலேயையே கழட்டி நேராக் கொடுத்துடுவான். அவனை முட்டாள்னு நான் சொல்லமாட்டேன். ஆனா காயில் கட்டிக் கொண்டுவர நாள்கணக்கில் ஆகும், அதுக்குள்ள பயிர் போயிரும்.

டவுன்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். கிணத்தில் தண்ணி இறங்கினால் மோட்டார் கஷ்டப்பட்டு அதிக கரண்ட் குடிக்கும்னு தோணும். சாதாரணக் கிணத்துப் பம்பில் நேர் எதிர். மழைக்குக் கிணறு மேலே ஏறி நிக்கும்போதுதான் தண்ணி அதிகமாத் தள்ளி ஆம்பியரும் ஏறும். தண்ணி எட்டாமல் சும்மா சுத்தினால் ஆம்பியர் இறங்கிடும்.

நிலத்தடி நீர் கீழே போய், கிணறு போர் ஆனபோது இதுதான் வம்பாச்சு. சப்மெர்சிபிள் மோட்டாரைச் சுத்தி ஓடுற தண்ணிதான் அதுக்குக் குளிர்ச்சி. தண்ணி வத்தினால் மோட்டார் வேகும், ரிலே அசையாது. அதுக்குன்னு கரண்ட் குறைந்தால் நிறுத்துற டிரை ரன் பிரிவென்டர் வந்தது. பெட்டியில் இன்னைக்கு ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. ஒண்ணு கூடினால் வெட்டும், ஒண்ணு குறைந்தால் வெட்டும். அது ரெண்டும் வெட்டாமல் விட்டால், 500 அடி பைப்பை ஒவ்வொண்ணாக் கழட்டித்தான் மோட்டாரை மேலே எடுக்கணும்.