அசீடியா

கடவுளுக்கென்று வாழ முற்பட்டவர் காலப்போக்கில் அவ்வாழ்க்கையின் மேல் பற்றிழந்து, வேண்டுதலிலும் வேலையிலும் சலிப்புற்று, இருக்கும் இடத்தை விட்டு அகலத் துடிக்கும் நிலையைக் குறிக்கக் கிறித்தவத் துறவு மரபு வழங்கும் கிரேக்கச் சொல் அசீடியா. இதை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் எவாக்ரியுஸ் (சுமார் 345–399). கருங்கடலின் தென்கரையை அடுத்த பொந்து நாட்டில் பிறந்து, கான்ஸ்டான்டிநோபிளில் திருத்தொண்டராகப் பணியாற்றிய அவர், 383 அளவில் எகிப்து சென்று, நித்திரியாவிலும் பின்னர் கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பிலும் தவ வாழ்வு மேற்கொண்டார்.

துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்த எவாக்ரியுஸ், அவற்றுள் மிகக் கொடியது அசீடியாவே என்றார். 91ஆம் சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் நண்பகல் பேயை அதனோடு இணைத்து, ‘பிராக்டிகோஸ்’ என்ற நூலில் அவர் தரும் வருணனை ஒரு மருத்துவரின் குறிப்பைப் போல நுட்பமானது. முற்பகல் பத்து மணியளவில் தொடங்கி இரண்டு மணி வரை நீடிக்கும் அத்தாக்குதலில் கதிரவன் நகராமல் நிற்பதாகத் தோன்றும். உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று துறவி வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். உடன் வாழ்வோரிடம் அன்பே இல்லை என்றும், வேறிடம் சென்றால் பிழைப்பும் எளிது, கடவுளையும் எங்கிருந்தும் வணங்கலாம் என்றும் மனம் வாதாடும்.

எவாக்ரியுசின் சிந்தனையை இலத்தீன் உலகுக்குக் கொண்டுசென்ற ஜான் காசியன், 420களில் எழுதிய நூலில், இந்நோய் சிலரைத் தூக்கத்தில் ஆழ்த்துவது போலவே வேறு சிலரை ஓயாத அலைச்சலில் தள்ளுகிறது என்றும், நோயாளிகளைக் காணச் செல்வது முதலான நற்செயல்களே அதற்குச் சாக்காகலாம் என்றும் எழுதினார். அசீடியாவைச் சோம்பல் என்று மட்டும் பெயர்த்த பிற்கால வழக்கம் இந்த இரண்டாம் முகத்தை மறைத்துவிட்டது. ஊழியத்தில் ஓய்வின்றி ஓடுபவரும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்பது அம்மரபின் கூர்மையான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

இதற்குப் பாலைவனத் தந்தையர் எனப்படும் இந்த எகிப்தியத் துறவியர் கூறிய மருந்து உணர்ச்சியை மீண்டும் கிளறுவதன்று, அளவு. எடுத்த ஒவ்வொரு வேலைக்கும் எல்லை வகுத்துக்கொண்டு அதை முடிக்காமல் எழக் கூடாது என்றும், சோதனை வேளையில் அறையை விட்டு நீங்கலாகாது என்றும் எவாக்ரியுஸ் விதித்தார். நாளையே சாகப்போகிறவரைப் போல ஆன்மாவையும், நெடுங்காலம் வாழப்போகிறவரைப் போல உடலையும் பேண வேண்டும் என்பது அவர் தம் ஆசானிடம் பெற்ற அறிவுரை. அளவுமீறிய கடுந்தவமும் இம்மரபில் ஐயத்துடனேயே நோக்கப்பட்டது. சகோதரரோடு துறவி அந்தோணியார் மகிழ்ந்திருப்பதைக் கண்டு ஒரு வேடன் முகஞ்சுளிக்க, அவனது வில்லையே மேலும் மேலும் வளைக்கச் சொல்லி, அளவு கடந்தால் அது முறியும் என்பதை அவன் வாயாலேயே அவர் சொல்லவைத்ததாகத் தந்தையர் வரலாறுகள் கூறும்.

இந்த அளவுணர்வைச் சட்டமாக்கியது ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுந்த பெனடிக்டின் ஒழுங்கு. அதன் 48ஆம் அதிகாரம் உடலுழைப்புக்கும் வாசிப்புக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி, வாசிப்பு வேளையில் சலித்துக் கிடப்பவர் எவரேனும் உளரா என்று பார்த்துவர மூத்தோரை நியமிக்கிறது. 64ஆம் அதிகாரமோ, மந்தையை ஒரே நாளில் மிகையாக ஓட்டினால் எல்லாம் மடியும் என்ற யாக்கோபின் சொல்லை மடத்தலைவருக்கு நினைவூட்டுகிறது. பிற்காலத்தில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அசீடியாவைத் துயரத்துள் அடக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், அது இறைநன்மையை எண்ணி வருந்தும் துயரம் என்றும், ஓய்வுநாள் கட்டளைக்கு முரணானது என்றும் விளக்கினார். உழைக்காமையைவிடக் கடவுளில் இளைப்பாற இயலாமையே அவர் கண்ட குற்றம்.

உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவிய ‘பர்ன்அவுட்’ என்ற கருத்தோடு அசீடியாவை ஒப்பிடுவோர் பலர். களைப்பு, பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் என்ற கூறுகள் இரண்டிலும் ஓரளவு பொருந்தினாலும், உலகச் சுகாதார அமைப்பு 2019இல் ஏற்ற வகைப்பாடு பர்ன்அவுட்டைப் பணிச்சூழலுக்கு மட்டுமே உரியதாக வரையறுக்கிறது. பணியும் வேண்டுதலும் ஒன்றாகப் பிணைந்திருக்கும் போதகர், அருட்சகோதரி போன்றோரிடம் இந்த எல்லைக் கோட்டை வரைவது கடினம். விடுப்பு எடுத்துத் திரும்பிய பின்னும் வேண்டுதல் கசப்பாகவே இருக்குமானால், பாலைவனத் தந்தையர் பேசிய நோயையும், மருத்துவர் கவனிக்க வேண்டிய மனச்சோர்வையும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கும்.