விரலுக்கு எட்டும் முதல் வரி

1824-இல், பதினைந்து வயதில், லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளிகள் தாளில் எழும்பி நின்றன. கணினியோடு இணையும் பிரெயில் பட்டையில் அவை எட்டாயின. மின்னழுத்தம் பட்டதும் வளையும் நுண்தகடுகள் ஊசிகளை ஏற்றி இறக்க, திரையின் வரி விரலடியில் மாறிக்கொண்டே செல்கிறது.

ஆனால், எந்தப் பட்டை, எந்த முனை என்று இயங்குதளத்துக்குச் சொன்ன பிறகே ஊசி எழும். சொல்வதற்கோ திரையைப் படிக்க வேண்டும். படிக்க வாங்கிய கருவியை இயக்கிவைக்கப் பார்வையுள்ள இன்னொருவரின் தயவு! இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1995-இல் லினக்ஸுக்காகத் தொடங்கப்பட்ட பிஆர்எல்டிடிஒய் என்னும் நிரல் எழுத்துத் திரையின் நினைவகத்தையே நேராகப் படித்தது. கணினி விழித்தெழும் வேளையிலேயே இயங்கவும் வல்லது. பின்னாளில் டெபியன் அதைத் தன் நிறுவிக்குள்ளேயே வைத்தது. 1996-இல் வந்த யூஎஸ்பி முனையில் செருகிய கருவி தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளும். ஆகவே நிறுவி பட்டையைத் தானே கண்டறிந்து எழுத்துமுறைக்கு மாறுகிறது, நிறுவிய கணினியிலும் அந்த ஏற்பாட்டைச் சேர்த்துவிடுகிறது.

பழைய சீரியல் பட்டைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றைத் துழாவித் தேடினால் சில பழுதாகிவிடக்கூடும். அதனால் தொடக்கப் பட்டியலின் பீப் ஒலி கேட்டதும் பட்டையின் ஈரெழுத்துக் குறியீடு, முனை, புள்ளி அட்டவணை ஆகியவற்றை ஒரே வரியில் தட்டச்ச வேண்டும், அதுவும் ஊசி எழும் முன்பே. அட்டவணையைக் குறிப்பிடாவிட்டால் ஆங்கிலமே எழும்.