திறன்பேசி மீளமைப்பு

திறன்பேசி மீளமைப்பு என்பது, ஒரு திறன்பேசியில் பயனர் சேர்த்த தரவுகளையும் அமைப்புகளையும் நீக்கி, அதனைப் புதிதாகத் தொடங்கும் நிலைக்குக் கொண்டுவரும் செயற்பாடு ஆகும். இது ஃபேக்டரி ரீசெட் எனப் பரவலாக அறியப்படுகின்றது. பழைய திறன்பேசியை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் இது பெரிதும் பயன்படுகின்றது. மீளமைத்தபின் திறன்பேசி வெறுமையாகத் தோன்றினாலும், பழைய தரவு உண்மையில் மீட்க முடியாதவாறு அழிந்ததா என்பது, அது மறைகுறியாக்கப்பட்டிருந்ததா என்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.

செயற்படும் விதம்

திறன்பேசியின் உள் நினைவகம், இயங்குதளப் பகுதி, பயனர் தரவுப் பகுதி எனப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மீளமைப்பு பயனர் தரவுப் பகுதியையே வெறுமையாக்குகின்றது. எனவே, இற்றைப்படுத்தப்பட்ட இயங்குதளம் அதன் பழைய பதிப்புக்குத் திரும்புவதில்லை.

பொதுவாக ஒரு கோப்பை நீக்கும்போது, அது எங்குள்ளது எனக் காட்டும் குறிப்பு மட்டுமே உடனே நீக்கப்படுகின்றது. ஒரு நூலின் பொருளடக்கத்தைக் கிழித்தாலும் மற்றப் பக்கங்கள் எஞ்சியிருப்பதை இதற்கு ஒப்பிடலாம். மேலெழுதி அழிப்பதும் எளிதன்று. பிளாஷ் நினைவகக் கலங்களை ஓரளவு தடவைகளே அழித்து எழுத முடியும். தேய்மானம் சமமாகப் பரவும்பொருட்டு, நினைவகக் கட்டுப்படுத்தி புதிய தரவை வேறு கலங்களில் எழுதுகின்றது. இதனால் பழைய தரவு, இயங்குதளத்தால் அணுக முடியாத கலங்களில் எஞ்சக்கூடும்.

கேம்பிரிட்ச் ஆய்வு

2015 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன் சைமன், ராஸ் ஆண்டர்சன் ஆகியோர், ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையான பதிப்புகள் கொண்ட 21 பழைய திறன்பேசிகளை ஆராய்ந்தனர். மீளமைத்த பின்னரும் குறுஞ்செய்திகள், படங்கள், கூகுள் கணக்கினுள் நுழைய உதவும் தரவுகள் ஆகியவற்றை மீட்க முடிந்தது. 50 கோடி வரையான கருவிகள் தரவுப் பகுதியை முறையாக அழிக்காதிருக்கலாம் என அவர்கள் மதிப்பிட்டனர்.

திறவுகோலை அழித்தல்

தரவு தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கப்பட்டிருந்தால், அதன் திறவுகோலை மட்டும் அழித்தல் போதுமானது. தரவு கலங்களில் எஞ்சினாலும் பொருளற்ற இருமத் தொடராகவே இருக்கும். 256 இருமத் திறவுகோல் ஒன்றுக்கு இருக்கக்கூடிய வாய்ப்புகளின் எண்ணிக்கை 78 இலக்கங்கள் கொண்டது. ஆதலால் ஒவ்வொன்றாக முயன்று கண்டறிதல் இயலாது. இம்முறையில் மீளமைப்பு விரைவாக முடிவதற்கும் இதுவே காரணம். தக்க காப்புநகல் இல்லாவிடின், உரிமையாளராலும் தரவை மீட்க முடியாது.

ஐபோன்களில் இம்முறை 2009 இல் வெளியான 3ஜிஎஸ் முதல் உள்ளது. ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பு (2015), போதிய வேகமுள்ள புதிய கருவிகளுக்கு மறைகுறியாக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஆண்ட்ராய்டு 10 (2019) உடன் வெளிவந்த புதிய கருவிகள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று.

நீங்காதவை

மீளமைப்பு திறன்பேசியின் உள் நினைவகத்தையே சார்ந்தது. பின்வருவன பொதுவாக நீங்குவதில்லை:

* சிம் அட்டையில் சேமித்த தொலைபேசி எண்கள்
* கழற்றக்கூடிய நினைவக அட்டையில் உள்ள கோப்புகள்
* இணையக் கணக்குகளில் உள்ள படங்கள், காப்புநகல்கள்
* பிறருக்கு அனுப்பிய செய்திகள்

மேலும், "அமைப்புகளை மட்டும் மீளமைத்தல்" என்னும் தெரிவு பயனரின் கோப்புகளை அழிப்பதில்லை.

கணக்குப் பூட்டு

களவைத் தடுக்கும்பொருட்டு ஐஓஎஸ் 7 (2013), ஆண்ட்ராய்டு 5.1 (2015) ஆகியவை ஒரு பூட்டை அறிமுகப்படுத்தின. இதன்படி, மீளமைத்த பின்னரும் முந்தைய உரிமையாளரின் கணக்கு விவரம் கேட்கப்படும். ஆகவே விற்பதற்கு முன் காப்புநகல் எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிய பின்னரே மீளமைத்தல் வேண்டும். மறைகுறியாக்கம் தானாக இயங்காத பழைய ஆண்ட்ராய்டு திறன்பேசியில் அவ்வசதி இருப்பின், அதனை இயக்கிய பின்னர் மீளமைப்பது பாதுகாப்பானது.